'முழுவதும் கரையும்' என்று மூட்டையில் எழுதியவருக்கு

'முழுவதும் தண்ணீரில் கரையும்' என்று உர மூட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தவர் யாராக இருந்தாலும் சரி, நீங்கள் சொன்னது பாதிதான். சொல்லாமல் விட்ட மீதிப் பாதிக்கு ஊர் ஊராகத் திட்டு வாங்குவதுதான் உரக்கடை வைத்திருக்கும் எங்கள் தொழில். உங்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. என் கடை திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தொட்டியம் முதல் துறையூர் வரை எல்லாருக்கும் தெரியும். அதனால் உங்களைத் தேட வேண்டியவர்கள் எல்லாரும் என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். வேப்பம் புண்ணாக்கு மூட்டையை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்று, பேரம் பேசிப் பேசியே இந்தக் கடையைப் பிடித்தவள். கோபம் எனக்குச் சட்டென்று வரும். 'ஸ்டெல்லாக்கா கடையில இலவசமாக் கிடைக்கிறது திட்டு மட்டும்தான்' என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மிக்ஸியோ மாத்திரையோ செருப்போ விற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நாம் செய்யாத பொருளுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

ராசாத்தி கொண்டுவந்த பாட்டில்

போன கோடையில் ஒரு நாள், கடை திறந்த சூட்டோடு ராசாத்தி வந்தாள். தொட்டியத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பூவன் வாழை போட்டிருப்பவள். போர்வெல் தண்ணீர் கொஞ்சம்தான் என்பதால் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தாள். உரத்தையும் டிரம்மில் கரைத்து அந்தக் குழாய் வழியாகவே வேருக்கு விடுவாள். வழக்கமாக வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அன்றைக்கு நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ.

"என்னடி இது, மோரா?" என்றேன்.

"உங்க உரம்க்கா. கால்சியம் மூட்டையைத் தனியாக் கரைச்சேன், பளிங்கு மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு-அறுபத்தொண்ணைத் தனியாக் கரைச்சேன், அதுவும் பளிங்குதான். ரெண்டு வேலையை ஒரே வேலையா முடிச்சுரலாம்னு ஒரே டிரம்ல ஊத்தினேன். வெள்ளையா வந்துச்சு. கலக்கக் கலக்கக் கரைஞ்சுரும்னு மோட்டாரைப் போட்டுட்டேன். மூட்டையிலதான் முழுசாக் கரையும்னு போட்டிருக்கே!"

பன்னெண்டு-அறுபத்தொண்ணு என்று விவசாயிகள் சொல்வது மணிச்சத்து உரத்தை, அதாவது பாஸ்பரஸ் உரத்தை. தனித்தனியாகத் தண்ணீரில் விட்டால் இரண்டும் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடும். ஒரே தண்ணீரில் சந்தித்தால் கால்சியமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளையாகக் கீழே உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை கலக்கினாலும் கரையாது. இதை நான் வாங்குகிறவர்களிடம் வாயால் சொல்லித்தான் கொடுப்பேன். அந்த முறை மூட்டை எடுக்க வந்தது அவள் அனுப்பிய லோடு ஆட்டோக்காரர். நான் அவரிடம் சொன்னதை அவர் முசிறி தாண்டுவதற்குள் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

இப்போது அந்த வெள்ளை அவளுடைய குழாய் முழுக்கப் போய், தண்ணீர் சொட்டுகிற ஒவ்வொரு கண்ணையும் அடைத்துவிட்டது. வாழை பூத் தள்ளுகிற நேரம். அந்த வெயிலில் தண்ணீர் நின்றால் தார் சிறுத்துப் போகும், மரம் மடங்கும். குத்தகைக்காரி அடுத்த வருஷம் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது? நீங்கள்தான் எதிரில் இல்லையே. அவள் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் இறங்கி நின்று சொன்னாள்: "நாளைக்கு வந்து அந்தக் குழாயில தண்ணியை வரவைங்க. இல்லேன்னா பூத்த வாழையை வெட்டியாந்து இந்த மூட்டைங்க மேல போட்டுட்டுப் போறேன், அதுவும் கரையுதான்னு பாருங்க."

வாளிக்கு வந்த நிறம்

இதற்கு வைத்தியம் இருக்கிறது. தண்ணீரில் கரையாத அந்த வெள்ளை, ஆசிட் கலந்த தண்ணீரில் கரையும். ஆசிட் கேனை லோடு ஆட்டோவில் முன்னாலேயே அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் பஸ் ஏறினேன். ஆட்டோவிலேயே போயிருக்கலாம். ஆனால் எனக்கு யோசிக்க ஒரு ஜன்னல் சீட் வேண்டியிருந்தது. 'கரையும்' என்ற சொல்லை நம்பித்தான் ராசாத்தி இந்தக் கதிக்கு வந்திருக்கிறாள். இன்னொரு தடவை என் வாயால் அதே சொல்லைச் சொன்னால் எப்படி நம்புவாள்? என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

காவிரிப் பாலம் ஏறியதும் ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்தது. கூடவே உத்தர வீதி சாரின் வாளியும் ஞாபகம் வந்தது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில் நாரத்தை மரம், அடிமரத்தில் பிசின் வடிகிறது என்று வந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கொடுத்தேன். மயில்துத்தத்தை அடியில் போட்டால் கரைய நேரமாகும், துணியில் முடிந்து தண்ணீரின் மேல்பக்கமாகத் தொங்கவிடுங்கள், கரைந்தது கனத்துக் கீழே இறங்க இறங்க மேலே புதுத் தண்ணீர் வந்து மீதியையும் கரைக்கும் என்றேன். பிளாஸ்டிக் வாளி மட்டும்தான், இரும்பு கூடாது என்றும் சொன்னேன். "பிளாஸ்டிக்கை எங்காத்துக்குள்ள விடறதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆட்டோவில் ஒரு பழைய இரும்பு வாளியோடு வந்து இறங்கினார். மயில் கழுத்து மாதிரி இருந்திருக்க வேண்டிய தண்ணீர் வெளுத்துப்போய் இருந்தது. வாளியின் உள்பக்கமெல்லாம் செக்கச்செவேல். எனக்கு வந்த ஆத்திரத்தை அவர் நெற்றித் திருமண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "கரைஞ்சது எங்கேயும் போயிடல சார். தண்ணிக்குள்ளதான் செம்பு இருந்துச்சு. இரும்பைக் கண்டதும் வெளியே வந்து ஒட்டிக்கிச்சு" என்றேன். அவர் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சமும் வருத்தப்படாமல் சொன்னார்: "அது அடியேனுக்கும் புரிஞ்சதும்மா. செம்பு வரைக்கும் வந்துடுத்தே, இன்னும் ரெண்டு கட்டி போட்டா தங்கம் வரைக்கும் போகுமான்னு கேட்டுண்டு போகலாம்னுதான் வந்தேன்."

பாயின் குளிர்ச்சி

நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினார். லால்குடி ரோடு பிரிகிற அந்த இடத்தில் எனக்கு எப்போதும் பஷீர் பாயைத்தான் நினைக்கத் தோன்றும். குவைத்தில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, லால்குடி பக்கம் நிலம் வாங்கினவர். விவசாயம் புதுசு. எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு போன்.

ஒரு நாள் போனில் பதறினார். "அக்கா, யூரியாவுல என்னமோ கலந்துட்டாங்க. டிரம்ல போட்டுக் கைய விட்டா ஜில்லுன்னு விறைக்குது. வெளிய நூத்திச் சொச்சம் வெயில் அடிக்குது, இது எப்படிக்கா? கரையவும் மாட்டேங்குது." பாய்க்கு நான் எப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்வது. "கலப்படமும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். யூரியா கரையும்போது தண்ணியில இருக்கிற சூட்டைத்தான் உறிஞ்சிக்கும். கரையக் கரையக் குளிரும், குளிரக் குளிரக் கரையறது மெதுவாகும். டிரம்மை வெயில்ல விட்டுட்டுப் போய் டீ குடிங்க, உங்க அவசரத்துக்கு அது கரையாது" என்றேன்.

ஒரு வாரம் கழித்து நானே அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. வரப்பில் யூரியா டிரம். அதற்குள் மூடி இறுக்கிய நன்னாரி சர்பத் பாட்டில்கள் கழுத்து வரை முங்கி நின்றன. களை வெட்டுகிறவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். "உரத்தைக் கரைக்கச் சொன்னா ஓட்டல் வச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன். பாய் எனக்கும் ஒரு பாட்டிலை எடுத்து, துண்டால் நன்றாகத் துடைத்து நீட்டினார். "குடிங்கக்கா, கோவம் ஆறட்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கரண்டு பில்லு வருது, இந்த ஃப்ரிட்ஜுக்கு அல்ஹம்துலில்லாஹ் வெளைச்சலே வருது."

துறையூருக்கு எவ்வளவு தண்ணீர்

குணசீலம் தாண்டி முசிறி வந்தது. துறையூர் ரோட்டைப் பார்த்ததும் என் வாய் தானாகக் கோணியது. பேரத்தில் என்னை வாயடைக்க வைத்த ஒரே ஆள் அந்த ரோட்டில்தான் இருக்கிறார். பெரியண்ணன் என்று பெயர், வயதும் பெரியதுதான். வெங்காயம் போடுகிறவர்.

அவர் ஒரு தடவை பொட்டாஷ் என்கிற சாம்பல்சத்து உரம் வாங்கிப் போய், ஒரு தூக்குவாளி நிறைய ஈர உரத்தோடு திரும்பி வந்தார். கரையாமல் அடியில் தங்கியதாம். அந்த அளவுக்கு விலையில் கழிக்க வேண்டுமாம். வியாபார நேரத்தில் மார்க்கெட்டே கேட்கிற மாதிரி, "முழுசாக் கரையும்னு எழுதி ஏமாத்துறீங்களேம்மா" என்றார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "எவ்வளவு தண்ணியில போட்டீங்கண்ணே?" என்றால், அரை மூட்டைக்கு ஒரு பக்கெட் என்கிறார். பத்துப் பேரை உட்கார வைத்துச் சோறு போடுகிற அளவை ஒருத்தன் வாயில் திணித்த மாதிரி. கடையில் கிடந்த காலி டிரம்மை வாசலுக்கு உருட்டி வந்தேன். அவருடைய தூக்குவாளியை அதில் கவிழ்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு கட்டையால் அவரையே கலக்கச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மெதுவாகத்தான் கரைந்தது, ஆனால் கரைந்தது. டிரம்மின் அடி தெரிந்தது.

"தண்ணிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குண்ணே. நிறைஞ்சதுக்கு அப்புறம் ஊட்டினா கீழேதான் தள்ளும். இப்ப எதுல கழிக்கட்டும்?" என்று இடுப்பில் கை வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டையை ஓரமாகச் சாத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "உரத்துல கழிக்க வேணாம்மா. இம்புட்டுத் தண்ணி கேக்குற உரத்தை எங்க துறையூர்க் காட்டுக்குக் குடுத்தீங்கல்ல, கூடவே ஒரு கெணத்தையும் லோடு ஏத்திவிட்டீங்கன்னா கணக்கு நேராயிரும்."

ஒரு டம்ளரில் சாட்சி

தொட்டியத்தில் இறங்கி ராசாத்தியின் தோட்டத்துக்குப் போனேன். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. வாழை இலைகள் நடுநரம்பை ஒட்டி மடங்கித் தொங்கின. சில மரத்தில் பூ பாதி வெளியே வந்து நின்றது. குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சொட்டுகிற கண்களில் எல்லாம் பல்லில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை.

ஆசிட் கேனை அவள் முறைத்துக்கொண்டு நின்றாள். "அதை ஊத்தினாக் கரைஞ்சுருமா?" என்றாள். நான் பயந்த கேள்விதான். "கரையும்" என்றேன். "மூட்டையும் அதையேதான்க்கா சொன்னுச்சு. வேர் வெந்துபோனா யாரு பதில் சொல்றது?" எனக்குக் கோபம் பொங்கியது. "இந்த வாழை போச்சுன்னா என் கடையை உன் பேருக்கே எழுதித் தரேன்டி!" என்று கத்திவிட்டேன். அவள் அசையவில்லை. "உங்க கடையை வாங்கிக்கிட்டு நானும் திட்டு வாங்கவா? எனக்கு என் வாழை போதும்."

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. பேச்சு இனி எடுபடாது. ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டேன். ஃபில்டரைக் கழற்றி அதில் அப்பியிருந்த வெள்ளையைச் சுரண்டித் தண்ணீரோடு டம்ளரில் போட்டேன். கலக்கச் சொன்னேன். அவள் கலக்கினாள், மோர் மாதிரியே நின்றது. கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் கலந்த ஆசிட்டில் கொஞ்சம் அதில் விட்டேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை மேலிருந்து கலைந்து, புகை மாதிரி மெலிந்து, டம்ளருக்கு அந்தப் பக்கம் நின்ற வாழைத்தண்டு தெரிய ஆரம்பித்தது. உத்தர வீதி சாரின் வாளியில் கரைந்தது வெளியே வந்தது, இங்கே வெளியே வந்தது திரும்பக் கரைந்தது. டம்ளரை ஓரமாக வைத்தேன். ராசாத்தியே போய் மோட்டார் ரூம் கதவைத் திறந்தாள்.

டிரம்மில் முதலில் தண்ணீர், அதற்கப்புறம்தான் ஆசிட். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அதைக் குழாய்களுக்குள் நிரப்பி மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ராசாத்தி கொடுத்த சோற்றை நான் சாப்பிட்டேன், அவள் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு குழாய்களின் கடைசி மூடிகளைக் கழற்றித் தண்ணீரை விட்டோம். முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது, அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிவு. மூடிகளை மாட்டியதும் அவள் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்துகொண்டே போனாள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கண்கள் திறக்கவேயில்லை. அவற்றைப் பிடுங்கிப் புதுசு மாட்டினோம். நான் தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று, டம்ளரைக் கேட்டதிலிருந்து அடக்கி வைத்த வாயை இன்னும் அடக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியிலிருந்து அவள் குரல் வந்தது: "கடைசி மரத்துக்கும் சொட்டுதுக்கா! இனிமே நீங்க என்னைத் திட்டலாம், திட்டினாத்தான் எல்லாம் சரியாயிருச்சுன்னு எனக்கு நம்பிக்கை வரும்!"

மார்க்கர்

அதற்கப்புறம் என் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு கால்சியம் மூட்டையிலும், 'முழுவதும் தண்ணீரில் கரையும்' என்பதற்குக் கீழே கறுப்பு மார்க்கரால் நானே எழுதிவிடுகிறேன்: 'மணிச்சத்தோடு சேர்க்காதே. வேறு நாள், வேறு டிரம்.' எட்டாவது வரை படித்த கையெழுத்துதான், ஆனால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றாலும் படிக்கலாம். ராசாத்தி இப்போது இரண்டு டிரம் வைத்திருக்கிறாள். ஒன்றுக்கு வெள்ளைப் பெயிண்ட், ஒன்றுக்குப் பச்சை. வாழைத்தார் நன்றாகத்தான் இறங்கியது. இருந்தாலும் என்னிடம் பேரம் பேசுவதை அவள் நிறுத்தவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து விற்பனைக்கு வருகிற தம்பி போன மாதம் வந்தார். நல்ல பையன், எப்போதும் இன் பண்ணிய சட்டை. ராசாத்தியின் பாட்டிலைக் கல்லா மேலிருந்து எடுத்துக் காட்டினேன். இன்றுவரை அந்த வெள்ளை அப்படியே அடியில் கிடக்கிறது. தோட்டத்துக் கதையைச் சொன்னேன், மார்க்கர் எழுத்தைக் காட்டினேன். உங்கள் வேலையை நான் செய்திருக்கிறேனே, ஒரு நன்றியாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூட்டை மேல இப்படிக் கையால எழுதினா நம்ம டிசைன் கெட்டுப்போகுதுன்னு மேல சொல்றாங்க."

ஆகவே, முழுவதும் கரையும் என்று எழுதிய ஐயா, உங்கள் டிசைன் கெடாத மாதிரி எவ்வளவு சின்ன எழுத்தில் வேண்டுமானாலும் அந்த மீதிப் பாதியையும் தமிழில் நீங்களே அச்சடித்துவிடுங்கள், ஏனென்றால் என் மணிக்கட்டு வலிக்கிறது, மார்க்கரும் தீர்ந்துவிட்டது, என் கோபத்தைக் கரைக்கிற அளவுக்குக் காவிரியில் தண்ணீரும் இல்லை.